படத்தில் வித்தியாசம் தெரிந்தால் முதலில் என்ன கேட்க வேண்டும்?

தர்மபுரி மாவட்டத்தில் ரேடியோகிராபராக வேலை பார்க்கிறேன். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் இரண்டும் எடுப்பேன். ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட் டாக்டர்தான். ஆனால் படம் திரையில் விழுந்ததும் முதலில் பார்ப்பது எங்களைப் போன்றவர்கள். நோயாளியும் அப்போது பக்கத்திலேயே இருப்பார். அவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம், வேறு கோணத்தில் இன்னொரு படம் எடுக்கலாம், பழைய ஃபிலிம் வீட்டில் இருக்கிறதா என்று விசாரிக்கலாம். அவர் பஸ் ஏறிப் போய்விட்டால் இதில் எதுவும் நடக்காது. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கும், புரியாத ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டு இருப்பவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எல்லா உடம்பும் பாடப்புத்தகத்தில் வரைந்திருப்பதுபோல் இருப்பதில்லை. சிலருக்குக் கழுத்துப் பகுதி முதுகெலும்பிலிருந்து ஒரு விலா கூடுதலாக முளைத்திருக்கும். சிலருக்கு வலது நுரையீரலின் உச்சியில் மெல்லிய கோடு ஒன்று வளைந்து இறங்கும். அசைகோஸ் என்ற ரத்தக்குழாய் வளர்ச்சியின்போது சற்று விலகிப் போனதால் வந்த மடிப்பு அது. மண்ணீரலுக்குப் பக்கத்திலேயே கோலிகுண்டு அளவில் குட்டி மண்ணீரல் இருக்கும். இது அடிக்கடி பார்க்கக்கூடியது. முழங்கால் சில்லு இரண்டு துண்டாகவே வளர்ந்திருக்கும். பைக்கிலிருந்து விழுந்து வந்தவருக்கு இதைப் பார்த்தால் எலும்பு முறிவு என்றுதான் தோன்றும். முறிவாக இருந்தால் விளிம்பு கூர்மையாக இருக்கும். பிறவியிலேயே பிரிந்த சில்லு என்றால் விளிம்பு வழவழப்பாக இருக்கும், பிரிவும் பெரும்பாலும் மேல்புற வெளி மூலையில் இருக்கும். டாக்டருக்கு அப்போதும் சந்தேகம் தீரவில்லை என்றால் மற்றக் காலையும் ஒரு படம் எடுப்போம். பல பேருக்கு இரண்டு காலிலும் அப்படித்தான் இருக்கிறது.

இவற்றில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் தருவதில்லை. தொல்லை இரண்டு வழியில்தான் வருகிறது. பார்ப்பவர் அதை நோய் என்று நினைத்துவிடுவது ஒன்று. ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போவது இன்னொன்று. இரண்டுக்கும் நான் கண்ட ஒரே பாதுகாப்பு, அந்த உடம்புக்குச் சொந்தக்காரருக்கு விஷயம் தெளிவாகத் தெரிந்திருப்பதும், அது அவரிடம் எழுத்தில் இருப்பதும்தான்.

இதயம் வலப்பக்கம் இருந்த ஒரு தம்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வளைகுடா வேலைக்கு மெடிக்கல் முடிக்க வேண்டும் என்று அவர் வேறு ஓர் இடத்தில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருந்தார். அங்கே, படம் இடம் வலம் மாறி விழுந்துவிட்டது என்று நினைத்து, கம்ப்யூட்டரிலேயே அதைத் திருப்பி ‘நார்மல்’ என்று கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சில மாதம் கழித்து இருமலும் காய்ச்சலுமாக எங்களிடம் வந்தார். நான் எடுத்த படத்தில் இதயம் வலப்பக்கம் இருந்தது.

நான் எப்போதும் ஈயத்தில் செய்த ‘ஆர்’, ‘எல்’ எழுத்தை, படம் பதியும் டிடெக்டர் மேல் வைத்துத்தான் படம் எடுப்பேன். எடுத்த பிறகு மவுஸால் எழுத்துப் போடும் வசதி எல்லா மெஷினிலும் இருக்கிறது. ஆனால் அது நம் நினைவை நம்பி வைக்கும் எழுத்து. ஈய எழுத்து கதிரோடு சேர்ந்து விழுவது. படத்தைத் திருப்பினால் அதுவும் சேர்ந்து திரும்பும், ஏமாற்ற முடியாது. புதிதாக வருபவர்களிடம் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன்.

எக்ஸ்ரேயில் இதயம் வலப்பக்கம் தெரிந்தால் யோசிக்க வேண்டியது மூன்று. படம் திரும்பியிருக்கலாம். அல்லது இதயம் சரியான அமைப்பில்தான் இருக்கிறது, ஏதோ ஒன்று அதை நகர்த்தியிருக்கலாம்: பழைய காசநோயில் வலது நுரையீரல் சுருங்கினால் இதயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், இடப்பக்கம் நிறைய நீர் கோத்தால் அது தள்ளிவிடும். மூன்றாவது, உண்மையிலேயே பிறவி அமைப்பு. அப்போது வயிற்றைப் பார்க்க வேண்டும். இரைப்பையில் இருக்கும் காற்று, வழக்கமாக இடது உதரவிதானத்துக்கு (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) கீழே கறுப்பாகத் தெரியும். இந்தத் தம்பிக்கு அதுவும் வலப்பக்கம் இருந்தது. டாக்டர் அல்ட்ராசவுண்ட் பார்த்தார்: கல்லீரல் இடப்பக்கம், மண்ணீரல் வலப்பக்கம். மொத்த உறுப்புகளும் கண்ணாடியில் பார்த்ததுபோல் மாறி இருந்தன. சைட்டஸ் இன்வெர்சஸ் டோட்டாலிஸ் என்பார்கள். ஏறக்குறைய 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கும். ஸ்காட்லாந்தில் பிறந்த மேத்யூ பெய்லி என்ற மருத்துவர் 1788-லேயே இதை விவரித்து எழுதியிருக்கிறார்.

“அக்கா, எனக்கு எவ்வளவு நாளு?” என்று அந்தத் தம்பி கேட்டார். முகம் வெளிறிவிட்டது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் “டாக்டரைப் பாருங்க” என்று மட்டும் சொல்லி அனுப்புவது எனக்குப் பிடிக்காது. டாக்டரை உடனே அழைத்து வந்து பக்கத்தில் உட்கார வைத்தேன். எல்லாமே ஒன்றாகச் சேர்ந்து மாறியிருந்தால் பெரும்பாலும் இதயம் சரியாகவே வேலை செய்யும், ஆயுளும் மற்றவர்களைப் போலத்தான் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். வயிற்று உறுப்புகள் வழக்கமான இடத்தில் இருந்து இதயம் மட்டும் வலப்பக்கம் திரும்பியிருந்தால்தான் அதிகக் கவலை. அவர்களுக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கும் வாய்ப்பு அதிகம், எக்கோ என்ற இதய ஸ்கேன் கட்டாயம் பார்க்க வேண்டும். இவருக்கும் எக்கோ எடுத்தோம், நன்றாக இருந்தது.

அப்புறம் டாக்டர் கேட்ட கேள்வியை நான் மறக்க மாட்டேன். “சின்ன வயசிலேருந்தே சளி, மூக்கடைப்பு, காதுல சீழ்னு ஏதாவது இருந்துதா?” இருந்தது. வருடம் முழுக்க மூக்கு ஒழுகும், பள்ளிக்கூடத்தில் அவரைச் ‘சளியன்’ என்று கூப்பிடுவார்களாம். சி.டி.யில் நுரையீரலின் கீழ்ப்பகுதி மூச்சுக்குழல்கள் விரிந்து தடித்திருந்தன, சைனஸ் அறைகள் நிறைய சளி.

உறுப்புகள் மாறியிருப்பது, தீராத சைனஸ், விரிந்த மூச்சுக்குழல்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை ஜூரிச்சைச் சேர்ந்த மேனஸ் கார்டாகெனர் 1933-இல் விளக்கினார். அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. இவற்றுக்கு இடையே என்ன தொடர்பு என்பது 1976-இல்தான் துலங்கியது. சுவீடனின் பியோர்ன் அஃப்செலியஸ் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, இவர்களுடைய செல்களில் இருக்கும் நுண்மயிர்கள் அசைவதற்கான பகுதி இல்லாமல் இருப்பதைக் காட்டினார். அந்த மயிர்கள்தான் மூச்சுக்குழலிலிருந்து சளியை மேலே தள்ளுகின்றன. அவை அசையாவிட்டால் சளி தேங்கும், கிருமி குடியேறும். விந்தணுவின் வாலும் அதே அமைப்பு என்பதால் ஆண்களுக்குக் குழந்தைப்பேறு தடைபடலாம்.

சரி, சளிக்கும் இதயம் இடம் மாறுவதற்கும் என்ன சம்பந்தம்? கரு சில வாரங்களில் இருக்கும்போது அதன் ஒரு சிறு குழியில் இதே போன்ற மயிர்கள் சுழன்று, நீரை இடப்பக்கமாகத் தள்ளுகின்றன. இடது எது என்று உடம்பு அறிந்துகொள்வது அந்த ஓட்டத்தை வைத்துத்தான். டோக்கியோவில் ஹிரோகாவாவின் ஆய்வுக்குழு 1998-இல் எலிக் கருவில் இதைக் காட்டியது. மயிர் அசையாவிட்டால் எந்தப் பக்கம் என்பது குருட்டு வாய்ப்பில் முடிவாகிறது. அதனால்தான் இந்த மயிர்க் குறை உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உறுப்புகள் மாறியும், மீதிப் பேருக்கு வழக்கம்போலவும் இருக்கின்றன. படித்தபோது எனக்குப் புல்லரித்தது. ஆனால் உறுப்பு மாறிய எல்லோருக்கும் இந்தக் குறை இருக்காது. நான்கில் ஒருவர் அளவில்தான். கேள்வி கேட்டால்தான் அந்த ஒருவரைக் கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடித்தால், குறையை மாற்ற முடியாவிட்டாலும், தினமும் சளியை வெளியேற்றும் பயிற்சி, நேரத்துக்கு ஆன்டிபயாடிக், தடுப்பூசி என்று நுரையீரல் மேலும் கெடாமல் காக்கலாம்.

அந்தத் தம்பிக்கு டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். இதயம் வலப்பக்கம், கல்லீரலும் பித்தப்பையும் இடப்பக்கம், குடல்வால் இடது அடிவயிறு, ஈ.சி.ஜி. எடுக்கும்போது லீடுகளை மாற்றி வைக்கவும், இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டி வந்தால் அதற்கான பேடையும் மாற்றி வைக்கவும் என்று. குடல்வால் அழற்சி என்றால் வலது அடிவயிற்று வலி என்றுதான் எல்லோரும் தேடுவார்கள். இவருக்கு வலி இடது பக்கம் வரும். ராத்திரி இரண்டு மணிக்குத் தெரியாத ஊரின் கேஷுவாலிட்டியில் இதை அவர் வாய்விட்டுச் சொல்லும் நிலையில் இருக்க வேண்டுமே! அதனால் தாளை லேமினேட் செய்து பர்ஸில் வைக்கச் சொன்னோம், போனிலும் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னோம்.

அடுத்தது சிறுநீரகம். அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டில் ‘இடது சிறுநீரகம் தெரியவில்லை’ என்று இருந்தால் பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கருவில் சிறுநீரகம் இடுப்புக்குழியில் உருவாகி, 6 முதல் 9 வாரத்துக்குள் மெல்ல மேலே ஏறி முதுகுப் பக்கம் வந்து சேர்கிறது. சிலருக்கு அது ஏறாமல் இடுப்பிலேயே நின்றுவிடும். இரண்டின் அடிப்பகுதியும் ஒட்டிக்கொண்டால் குதிரை லாட வடிவம். ஏறும் வழியில் பெருங்குடலுக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று அந்த இணைப்பைத் தடுத்து நிறுத்திவிடும், அதனால் தாழ்வாகவே இருக்கும். இது அவ்வளவு அரிதும் இல்லை, 500 பேரில் ஒருவர் என்கிறார்கள். இவர்களுக்குச் சிறுநீர் வடிவது சற்றுச் சிரமம் என்பதால் கல்லும் தொற்றும் வர வாய்ப்பு கூடுதல்.

ஒரு அம்மா வந்தார். அடிவயிற்றில் கட்டி, கர்ப்பப்பைப் பக்கம், எடுத்துவிட வேண்டும் என்று வேறோர் இடத்தில் தேதி வரைக்கும் குறித்துவிட்டார்களாம். எதற்கும் ஒரு சி.டி. என்று அனுப்பியிருந்தார்கள். படத்தில் பளிச்சென்று தெரியும் மருந்தை ஊசியில் ஏற்றி எடுத்தோம். அந்தக் ‘கட்டி’ மருந்தை உறிஞ்சி, சில நிமிடங்களில் சிறுநீராக வெளியே விட ஆரம்பித்தது. அது அவருடைய இடது சிறுநீரகம். முதுகுப் பக்கம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதைக் கத்தி வைத்து எடுத்திருந்தால்? அந்தத் தேதியைக் குறித்தவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. அடிவயிற்றில் புரியாத கட்டி ஒன்று தெரிந்தால், இரண்டு சிறுநீரகமும் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று அல்ட்ராசவுண்ட் கருவியின் ப்ரோபை மேலே நகர்த்திப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஏறக்குறைய 1,000 பேரில் ஒருவருக்குப் பிறவியிலேயே ஒரு சிறுநீரகம்தான். பெண்ணாக இருந்தால் கர்ப்பப்பையின் அமைப்பையும் பார்க்க வேண்டும். இரண்டும் கருவில் அக்கம்பக்கமாக வளர்வதால், அந்தப் பக்கக் கர்ப்பப்பைப் பாதி வளராமலோ அடைபட்டோ இருக்கலாம். வயதுக்கு வந்த பிறகு மாதாமாதம் தாங்க முடியாத வலி என்று துடிக்கும் பெண்பிள்ளைகளை ‘எல்லாருக்கும் இருக்கிறதுதான்’ என்று அடக்கிவைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஒரு சிறுநீரகம் இல்லை என்று பழைய ரிப்போர்ட் ஏதாவது இருந்தால் அந்தப் பிள்ளையின் விஷயத்தில் தாமதிக்கவே கூடாது.

இனி, உடம்பிலேயே இல்லாத ‘நோய்கள்’. பின்னிய சடை தோளில் கிடந்தால் நுரையீரல் உச்சியில் காசநோய்த் தழும்புபோல விழும். நான் படம் எடுக்கும் முன் சடையைத் தூக்கிக் கொண்டையாகப் போடச் சொல்லிவிடுவேன். தாயத்துக்குள் இருக்கும் செப்புத் தகடு, அரைஞாணில் கோத்த சாவி, நைட்டியின் பட்டன் எல்லாமே படத்தில் கதை சொல்லும். தாலிச் சரடைக் கழற்றத் தயங்குபவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. நெஞ்சு எக்ஸ்ரேக்கு வாயில் கவ்விக்கொள்ளச் சொன்னால் போதும், கழுத்துக்கு மேலே போய்விடும். மார்க்காம்பு சில சமயம் நுரையீரலில் உருண்டையான புள்ளியாகத் தெரியும். அதன்மேல் சிறு உலோக அடையாளம் ஒட்டி மறுபடி எடுத்தால் சந்தேகம் தீரும்.

வயிற்றுவலிக்காரருக்கு வலது உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரிந்தால், குடல் ஓட்டையாகிவிட்டது என்று அவசர ஆபரேஷனுக்கு ஓடுவார்கள். பெரும்பாலும் அது சரியான ஓட்டம்தான். ஆனால் எப்போதாவது, பெருங்குடலின் ஒரு மடிப்பே கல்லீரலுக்கும் உதரவிதானத்துக்கும் நடுவே நுழைந்திருக்கும். கல்லீரல் சுருங்கியவர்களிடம் கூடுதலாகப் பார்க்கலாம். டிமிட்ரியஸ் கிலைடிட்டி என்ற மருத்துவர் 1910-இல் விவரித்தது. அந்தக் காற்றுக்குள் குடலின் மடிப்புக் கோடுகள் தெரிகின்றனவா என்று தேட வேண்டும். தெரியவில்லை என்றால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஒரு படம். அப்போதும் குழப்பம் என்றால் சி.டி. நோயாளி கவலைக்கிடமாக இருந்தால் இந்த யோசனைக்கெல்லாம் நேரம் இல்லை, டாக்டர் முடிவுதான்.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒன்று உண்டு. பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் இடுப்புவலி என்று வந்தார். இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சுண்ணாம்பு அடித்தமாதிரி வெள்ளை. வெளியூரில் பார்த்தவர்கள் ப்ராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது என்று மகனிடம் சொல்லிவிட்டார்களாம். மகன் வெளியே நின்று அழுதுகொண்டிருந்தார்.

“ஐயா, சின்ன வயசுல எந்தத் தண்ணி குடிச்சீங்க?”

“எங்க ஊரு போர் தண்ணிதாம்மா. வேற என்ன இருந்துது?”

பல்லைக் காட்டச் சொன்னேன், பழுப்பு வரிகள். டாக்டரிடம் சொன்னதும் முன்கையை ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். முன்கையின் இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கும் சவ்வு, எலும்பாக மாறி முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு வருடக்கணக்கில் எலும்பில் சேர்வதால் வருவது இது. புற்றுநோய் பரவல் அந்தச் சவ்வை இப்படிச் செய்யாது. சென்னை மாகாணத்தில், அன்றைய நெல்லூர் பகுதியில் ஃபுளோரைடால் எலும்பு கெட்டவர்களைப் பற்றி ஷார்ட்டும் சக மருத்துவர்களும் 1937-லேயே எழுதியிருக்கிறார்கள். எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல்தான் வந்தது. அதற்கு முன் வளர்ந்த எலும்புகளில் அந்தத் தண்ணீர் இன்னும் இருக்கிறது. வெளியூர்ப் புத்தகங்களில் அரிது என்று போட்டிருப்பது இங்கே ஓ.பி. வரிசையில் நிற்கிறது. ஊர் பெயரைக் கேட்காமல் படத்தைப் படிக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்தப் பெரியவருக்கு, ப்ராஸ்டேட் புற்றுநோயைத் தேடும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள், ஏனென்றால் இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். அளவு சாதாரணமாக வந்தது. ஆனால் எலும்பில் சேர்ந்ததை எடுக்க மருந்து இல்லை. தண்டுவடம் நசுங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், தண்ணீரை மாற்ற வேண்டும். அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகளின் பல்லையும் பார்க்கச் சொல்லி அனுப்பினோம்.

முதுகுத்தண்டு ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இடுப்புப் பகுதியில் ஐந்து எலும்பு என்று கணக்கு. சிலருக்கு ஐந்தாவது எலும்பு கீழே இருக்கும் எலும்போடு ஒட்டியிருக்கும், சிலருக்கு ஆறு இருப்பதுபோல் தெரியும். இது ரொம்பச் சாதாரணம். எம்.ஆர்.ஐ. இடுப்பை மட்டும் எடுத்தால், கீழிருந்து எண்ணுபவர் ஒரு எண்ணும் மேலிருந்து எண்ணுபவர் வேறு எண்ணும் சொல்லிவிடலாம். விலகிய தட்டு (டிஸ்க்) நான்கிலா ஐந்திலா என்பதில் ஆபரேஷனே இடம் மாறிவிடும். கழுத்திலிருந்து மொத்தத் தண்டையும் காட்டும் ஒரு சிறிய படத்தை எம்.ஆர்.ஐ.யோடு சேர்த்து எடுக்கலாம், கூடுதல் நேரம் மிகக் குறைவு. ஒட்டிய எலும்பு இருந்தால், எப்படி எண்ணினோம் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். எம்.ஆர்.ஐ.யோடு பழைய எக்ஸ்ரேயையும் சர்ஜனிடம் கொண்டுபோங்கள். போனில் எடுத்த ஃபிலிம் ஃபோட்டோவை வைத்து எண்ண முடியாது, படங்கள் பதிந்த கம்ப்யூட்டர் தகட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள், ரிப்போர்ட் தாளை மட்டும் போனில் எடுத்து வைத்தால் போதும்.

வித்தியாசம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் சிலர் ஆண்டுதோறும் வந்து படம் எடுத்துப் பார்க்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்குக் கதிர்வீச்சு சுமார் 0.1 மில்லிசீவர்ட், வயிற்று சி.டி.க்கு சுமார் 8. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு மனிதருக்கு ஓர் ஆண்டில் இயற்கையாகக் கிடைப்பதே உலக சராசரியில் 2.4தான். பிறவி அமைப்பு வருடத்துக்கு வருடம் மாறாது. லாடச் சிறுநீரகம் உள்ள ஒருவர் இப்படி மூன்று ஊரில் எடுத்த சி.டி. தகடுகளோடு நான்காவதுக்கு வந்து நின்றார். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சிறுநீரில் ரத்தம் இல்லை. டாக்டரிடம் சொன்னேன். மூன்று தகட்டையும் போட்டுப் பார்த்துவிட்டு, அல்ட்ராசவுண்ட், சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ஒன்று, இவ்வளவும் போதும் என்றார். சி.டி. சீட்டை அடித்துவிட்டு அல்ட்ராசவுண்டுக்கு எழுதிக் கொடுத்தார். அன்று மத்தியானமே பார்த்து முடித்து, கட்டிய பணத்தில் மீதியை வாங்கிக்கொண்டு அவர் ஊருக்குக் கிளம்பினார்.